கோட்டைக்கு ஓடியவர்களும் காயலில் கூடியவர்களும்

ஜூன் 19 இங்கே விடுமுறை. 2021 முதல் அமெரிக்கா முழுவதற்கும் அரசு விடுமுறை ஆக்கிவிட்டார்கள். 'ஜூன்டீன்த்' என்று பெயர். 1865-ல் அதே தேதியில்தான் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில், வடக்குப் படையின் தளபதி கோர்டன் கிரேஞ்சர், அடிமைகள் எல்லோரும் விடுதலை என்ற ஆணையை வெளியிட்டார். லிங்கன் கையெழுத்துப் போட்டு அப்போதே இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

இந்த வருஷம் அந்த விடுமுறைக்கு முந்தின நாள், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் கறுப்பின அம்மா ஒருவர் சாப்பிடும்போது கேட்டார்: "உங்கள் ஊரிலும் அடிமைகள் இருந்தார்களா? எந்த வருஷம் ஒழித்தீர்கள்?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இருந்தார்கள். இரண்டாவதற்கு ஒரு வருஷத்தைச் சொல்லிவிட முடியாது. 1812, 1843, 1854, 1855, 1862 என்று பட்டியலே இருக்கிறது. ஒன்றை இத்தனை தடவை ஒழிக்க வேண்டியிருந்தது என்றால் அது எப்படி ஒழிந்தது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் நாகர்கோவில்காரன். இப்போது இருப்பது வர்ஜீனியாவில், நார்ஃபோக் துறைமுகத்தை ஒட்டி. இங்கே வருவதற்கு முன்னால் நாலு வருஷம் கொச்சியில், வெலிங்டன் தீவில், ஒரு சரக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேன். பிழைப்பு முழுக்கத் துறைமுகங்களைச் சுற்றியே போய்விட்டது. நான் பார்த்த இந்த இரண்டு துறைமுகங்களின் வாயிலிலும் ஒரு பழைய கோட்டையின் பெயர் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அடிமைகளின் கதை இருக்கிறது. ஒரு இடத்தில் அடிமை முறையைப் போர் முடித்து வைத்தது. இன்னொரு இடத்தில் காகிதம் முடித்து வைத்தது. வித்தியாசம் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

*

வெலிங்டன் தீவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பூகோளம். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவின் பெரும்பகுதி கிடையாது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணை வெண்டுருத்தி என்ற சின்னத் தீவை ஒட்டிக் கொட்டினார்கள். அப்படி உண்டான நிலம் இது. மெட்ராஸ் கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1928 மே மாதம் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது.

தீவின் ஜெட்டியில் படகு ஏறினால் எதிர்க்கரையில் மட்டாஞ்சேரி, கொஞ்சம் வடமேற்கே ஃபோர்ட் கொச்சி. இன்றைக்கு இரண்டும் ஒரே ஊர் மாதிரிதான். ஆட்டோவில் பத்து நிமிஷம் கூட ஆகாது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இடையில் ஒரு எல்லை ஓடியது. ஃபோர்ட் கொச்சி 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த இடம். மலபார் ஜில்லாவில் சேர்ந்தது, மெட்ராஸ் ராஜதானியின் ஒரு துண்டு. மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் சீமை. அப்படியே தெற்கே போனால் திருவிதாங்கூர். அதன் தென்கோடியில் எங்கள் நாஞ்சில் நாடு. 1956 வரை நாங்களும் அந்த ராஜ்யத்து மனிதர்கள்தான்.

ஆக, மூன்று அரசுகள், மூன்று சட்டங்கள். ஒரே மனிதன் இந்தத் தெருவில் ஒரு சட்டப்படியும் அடுத்த தெருவில் இன்னொரு சட்டப்படியும் அடிமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

போருக்கும் அடிமை முறைக்கும் உள்ள உறவு சாதாரணமாக ஒரே திசையில்தான் போகும். போர் அடிமைகளை உண்டாக்கும். தோற்றவன், பிடிபட்டவன், ஊர் எரிந்து பஞ்சத்தில் தவித்தவன், இவர்கள்தான் எந்த நாட்டிலும் அடிமைச் சந்தையின் சரக்கு.

கொச்சியும் விலக்கல்ல. போர்ச்சுகீசியர் 1503-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களைக் கொச்சி மக்கள் 'காப்பிரி' என்றார்கள். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது, தப்பி ஓடிய போர்ச்சுகீசிய முதலாளிகள் தங்கள் புதையலுக்குக் காவலாக அடிமைகளைக் கொன்று சுவரிலும் மரத்தடியிலும் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்ற இடத்தில் 'காப்பிரி முத்தப்பன்' என்று ஒரு சின்னச் சன்னதி இருக்கிறது. சுருட்டும் கள்ளும் முட்டையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். புதையல் கதை ஊர்க்கதைதான். ஆனால் பெயர் தெரியாத ஓர் ஆப்பிரிக்க அடிமையை முத்தப்பனாக்கிக் கும்பிடும் ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம் உண்டு.

டச்சுக்காரர்கள் வந்தபின் சரக்கு எதிர்த்திசையில் போனது. இந்தக் கரையில் வாங்கிய மனிதர்களைப் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும் கப்பலேற்றினார்கள். கேப் டவுனின் பழைய பதிவேடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'மலபாரைச் சேர்ந்த', 'கொச்சியைச் சேர்ந்த' என்று எழுதியிருக்கும். அப்பா பெயர் இருக்கும் இடத்தில் ஏற்றுமதித் துறைமுகம்! நம் சோழமண்டலக் கரையும் சளைத்ததல்ல. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் பீஜாப்பூர்ப் படைகள் புகுந்து பஞ்சம் வந்தபோது, நாகப்பட்டினத்தைப் புதிதாகப் பிடித்திருந்த டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை மலிவாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் அனுப்பியது.

ஆனால் கப்பலில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் வயலை விட்டு எங்கும் போகவில்லை. போக முடியாது என்பதுதான் அவர்களுடைய அடிமைத்தனமே.

கொச்சியைச் சுற்றி வைப்பின், கும்பளங்கி, செல்லானம் பக்கமெல்லாம் பொக்காளி வயல்கள் உண்டு. உப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும் நெல். நெல் முடிந்ததும் அதே வயலில் இறால். கழுத்தளவு சேற்றில் நின்று வரப்பு கட்டிய கைகள் பெரும்பாலும் புலையர்களுடையவை. 1800-01-ல் இந்தப் பக்கம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அடிமைகளைக் கைமாற்ற மூன்று வழி இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்: ஜன்மம், காணம், பாட்டம். அதாவது விற்பனை, அடமானம், குத்தகை. கேரளத்தில் நிலத்துக்கு என்னென்ன சொற்களோ, மனிதனுக்கும் அதே சொற்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விற்கவும் தடை இல்லை.

திருவிதாங்கூரில் 1836-ல் எடுத்த கணக்கில் மொத்த ஜனத்தொகை சுமார் 12.8 லட்சம், அடிமைகள் சுமார் 1.65 லட்சம். எட்டுப் பேரில் ஒருவர். எங்கள் நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் என்று ஒரு பெரிய தொகுப்பு உண்டு. கவிமணி முதல் பலர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதில் நிலம் விற்ற ஓலை போலவே ஆள் விற்ற ஓலையும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் ஒரு காலத்தில் வயல் இருந்தது. எத்தனை கோட்டை விதைப்பாடு, எந்த மடையில் தண்ணீர் என்றெல்லாம் தாத்தா சொல்வார். அதில் இறங்கினவர்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது அந்தக் கதைகளில் வராது.

*

இனி காகிதங்களுக்கு வருவோம். விடுதலைச் சாசனம் எதைப் படித்தாலும் ஒரு சொல்லைத் தேடுங்கள்: 'தவிர'. விஷயம் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும்.

முதலில் 1812. திருவிதாங்கூரில் ராணி லட்சுமி பாய் ஆட்சி. கர்னல் மன்றோ ஒரே நேரத்தில் கம்பெனியின் ரெசிடெண்டாகவும் ராணியின் திவானாகவும் இருந்தார். மனிதர்களை வாங்கவும் விற்கவும் கூடாது என்று ஒரு விளம்பரம் வந்தது. தவிர: நிலத்தோடு சேர்ந்த புலையர், பறையர், குறவர், பள்ளர் முதலான சாதியினர். அதாவது அடிமைகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் விடுதலை!

அடுத்தது மலபார். இங்கே கம்பெனி அரசே, வரி பாக்கி வைத்தவர்களின் சொத்தை ஏலம் விடும்போது மாட்டோடு மாடாக அடிமைகளையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. 1819-ல்தான் மெட்ராஸ் அரசு அதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தியது அரசு விற்பதை மட்டும். தனியார் விற்கலாம்.

பிறகு 1833. பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்த புகழ்பெற்ற சட்டம். எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. அந்த நஷ்ட ஈட்டுக்கு வாங்கிய கடனைப் பிரிட்டன் கட்டி முடித்தது 2015-ல். இதிலும் ஒரு தவிர உண்டு: கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்கள், இலங்கை, செயின்ட் ஹெலினா.

லண்டனில் அடிமை ஒழிப்புச் சங்கங்கள் விடவில்லை. இந்தியாவில் இருப்பது என்ன என்று கேட்டுத் துளைத்தார்கள். 1841-ல் இந்தியச் சட்டக் கமிஷன் பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தது. கடைசியில் 1843 ஏப்ரல் 7-ல் அந்த வருஷத்து 5-ஆவது சட்டம் வந்தது. நாலே நாலு பிரிவு. ஒருவனை அடிமை என்று சொல்லி அரசு அதிகாரி விற்கக்கூடாது. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவன் சம்பாதித்த சொத்தைப் பறிக்கக்கூடாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.

நல்ல சட்டம்தான். ஆனால் எங்கேயும் 'நீ விடுதலை' என்று ஒரு வரி இல்லை. அடிமை வைத்திருப்பதற்குத் தண்டனையும் இல்லை. அரசு தன் கையை விலக்கிக்கொண்டது, அவ்வளவுதான். மனிதர்களை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோது. (அந்தச் சட்டமே 2024 ஜூலையில் போய் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா.)

ஒரு சுவாரசியமான பொருத்தம். 1843 சட்டம் வந்தபோது கம்பெனியும் போரில்தான் இருந்தது. முந்தின வருஷம் காபூலில் ஒரு படையே அழிந்திருந்தது. சட்டம் நிறைவேறுவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால் சிந்துவில், ஹைதராபாத் அருகே ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. போரில் இருக்கும் ஒரு அரசு அடிமை முறையில் கை வைத்தது என்று தலைப்பு போடலாம். ஆனால் அந்தப் போருக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலபாரின் புலையர் கம்பெனி பக்கம் வந்தால் சிந்துவில் ஜெயிக்கலாம் என்ற நிலைமை இல்லை. அவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் நான் இப்போது இருக்கும் ஊருக்கு வரவேண்டும்.

*

நார்ஃபோக்கிலிருந்து தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஹாம்டனில் மன்றோ கோட்டை. (இந்த மன்றோ அமெரிக்க ஜனாதிபதி, நம் திவான் இல்லை.) 1619-ல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டு இறங்கிய முனையும் அதுவேதான்.

1861-ல் உள்நாட்டுப் போர் ஆரம்பித்தபோது லிங்கனுக்கு அடிமை ஒழிப்பு நோக்கம் இல்லை. நாடு உடையக்கூடாது, அது ஒன்றே நோக்கம். வடக்கோடு நின்ற மாநிலங்களிலேயே நாலில் அடிமை முறை இருந்தது. அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. தப்பி வரும் அடிமையை எஜமானிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய சட்டம்.

1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேர் ஒரு படகில் ஏறி மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு அவர்களை எஜமான் அனுப்பியிருந்தான். மறுநாள் தெற்குத் தரப்பு அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்து, சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நீங்கள்தான் வேறு நாடு ஆகிவிட்டதாகச் சொல்கிறீர்களே, அப்புறம் என் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு? இவர்கள் சொத்து என்றால், எனக்கு எதிராகப் போருக்குப் பயன்பட்ட சொத்து. அப்படிப்பட்ட சொத்தை நான் பறிமுதல் செய்யலாம்.

சரக்குத் துறையில் இருப்பவர்களுக்கு 'காண்ட்ராபேண்ட்' என்ற சொல் நன்றாகத் தெரியும். தடை செய்யப்பட்ட சரக்கு. அந்த மூன்று மனிதர்களும் சட்டப்படி அதுதான் ஆனார்கள். கேவலமான சொல். ஆனால் எஜமானின் வாதத்தை வைத்தே எஜமானின் பிடியை அறுத்தாயிற்று. செய்தி பரவியது. ஜூலை முடிவதற்குள் கோட்டையில் 900 பேர். கிழவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள், எல்லோரும். ஒவ்வொரு படை முகாமிலும் இதுவே நடந்தது.

பிறகு சட்டங்கள் பின்னால் ஓடிவந்தன. 1861 ஆகஸ்டில் பறிமுதல் சட்டம். 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் ஒழிப்பு (எஜமானுக்குத் தலைக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு). ஜூலையில் இரண்டாவது பறிமுதல் சட்டம். செப்டம்பரில் ஆன்டீட்டம் சண்டை ஓரளவு சாதகமாக முடிந்ததும் லிங்கன் முன்னறிவிப்பு கொடுத்தார். 1863 ஜனவரி 1-ல் விடுதலைப் பிரகடனம். அது தர்மம் பேசும் பத்திரம் இல்லை. படைத்தலைவர் என்ற முறையில் எடுத்த போர் நடவடிக்கை. எதிரியின் வயலில் கை ஓய வேண்டும், தன் படைக்கு ஆள் சேர வேண்டும். சேர்ந்தார்கள். சுமார் 1.8 லட்சம் கறுப்பின வீரர்கள்.

அதிலும் தவிர உண்டு. வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்கள் தவிர. ஏற்கெனவே வடக்குப் படை பிடித்துவிட்ட பகுதிகள் தவிர. அந்தப் பட்டியலில் நார்ஃபோக் நகரம் பெயரோடு இருக்கிறது. மன்றோ கோட்டை இருக்கும் மாவட்டமும் இருக்கிறது. எந்தக் கோட்டையில் கதை ஆரம்பித்ததோ அந்த இடம் பிரகடனத்தில் சேரவில்லை! நாடு முழுக்க ஒழிந்தது 1865 டிசம்பரில், 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு. சுமார் 40 லட்சம் அடிமைகள் விடுதலை. போரில் செத்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அந்தத் திருத்தத்திலும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் தவிர என்று ஒரு வரி. தெற்கு மாநிலங்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அற்பக் குற்றம் சாட்டிக் கைதிகளாக்கிப் பண்ணைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1935-ல் எழுதிய நூலில், லட்சக்கணக்கானவர்கள் வயலை விட்டுப் படை முகாம்களுக்கு நடந்ததைப் 'பொது வேலைநிறுத்தம்' என்று சொன்னார். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. போர் தானாக யாரையும் விடுவிக்கவில்லை. ஓடிப்போக ஒரு இடத்தைக் காட்டியது. ஓடி வந்தவர்கள் தேவைப்படும் ஒரு தரப்பை உண்டாக்கியது. மீதியை அவர்கள் காலால் செய்தார்கள்.

*

இப்போது கொச்சிக்குத் திரும்புவோம். 1843-க்குப் பிறகு ஃபோர்ட் கொச்சியில் அடிமை மீதான உரிமை கோர்ட்டில் செல்லாது. மட்டாஞ்சேரியில் செல்லும். 1847-ல் மிஷனரிகள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். ரெசிடெண்ட் ஜெனரல் கல்லனும் மெட்ராஸ் அரசும் அழுத்தினார்கள். டல்ஹவுசி காலம் அது. சாக்குக் கிடைத்தால் சமஸ்தானத்தை விழுங்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லா அரண்மனைகளிலும் இருந்தது. மலைகளில் காப்பித் தோட்டங்கள் வரத் தொடங்கியிருந்தன. கூலிக்கு வரக்கூடிய ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

திருவிதாங்கூர் 1853-ல் ஒரு அரை அடி வைத்தது. சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் மட்டும் விடுதலை. 1854-ல் கொச்சி, திவான் சங்கர வாரியர் காலத்தில் அடிமை முறையை ஒழித்தது. 1855 ஜூன் 24-ல் திருவிதாங்கூரில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டுக்கும் அதுவே தேதி. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. லிங்கனுக்கு எட்டு வருஷம் முன்னால்!

பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே என்று தோன்றும். சண்டை இல்லாமல் முடிந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் சண்டை வரவில்லை என்றும் கேட்க வேண்டும். எஜமானுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நிலம் அவனிடம். நெல் அவனிடம். விடுதலையான மனிதன் குடிசை போட்டிருந்ததும் அவன் வரப்பில். பொது வழியில் நடக்கக்கூடாது, கோர்ட்டுக்குள் நுழையக்கூடாது, சந்தையில் நிற்கக்கூடாது. ஓடினால் எங்கே போவது? அடுத்த ஊரிலும் அதே தீண்டாமைத் தூரம். மன்றோ கோட்டை மாதிரி ஒரு கதவு இங்கே திறந்திருக்கவில்லை. அதனால் மறுநாள் காலையிலும் அதே ஆள் அதே வயலில் இறங்கினான். சிலர் மிஷன் பக்கம் போனார்கள், சிலர் தோட்டங்களுக்குப் போனார்கள், இலங்கைக்கும் போனார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர் மட்டும் மாறியது.

விடுதலையான பிறகு நிலம் இல்லை என்பது இரண்டு ஊருக்கும் பொது. இங்கே 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி ஆணை போட்டார். லிங்கன் கொலையானபின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷம் அதைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். கேரளத்தில் 1970 ஜனவரி 1-ல் அமலான நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரர்களுக்கு வயலைக் கொடுத்தது. வயலில் இறங்கினவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் இல்லை, கூலிகள். அவர்களுக்குக் குடிசை இருந்த இடம்: கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3. அதுவே பெரிய விஷயம்தான், ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. ஆனால் வயல் வயல்காரனுக்கு, குடிசை குடிசைக்காரனுக்கு.

அப்படியானால் இந்தப் பக்கத்துப் 'பொது வேலைநிறுத்தம்' எப்போது நடந்தது? தாமதமாக, ஆனால் நடந்தது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-ல் தடையை மீறி வில்வண்டி ஏறிப் பொது வழியில் போனார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர்கள் மாதக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். அடிமை என்ற சொல் ஒழிந்து அரை நூற்றாண்டு கழித்து, கை ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதை எஜமானர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். கூலிக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்காக.

கொச்சியில் நடந்தது இன்னும் விசித்திரம். 1913-ல் புலையர்கள் ஒரு சங்கம் அமைக்கக் கூட்டம் போட நினைத்தார்கள். கூடுவதற்கு இடம் இல்லை. ராஜாவின் மண்ணில் அவர்கள் கூடக்கூடாது. எர்ணாகுளம் நகரத்துக்குள்ளேயே சாதாரணமாக வர முடியாது. மீனவ சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பனும், கிருஷ்ணாதி, கே.பி. வள்ளோன் முதலானவர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். மண்ணில்தானே கூடக்கூடாது? வள்ளங்களைக் கொண்டுவந்து காயலில் நிறுத்தி, ஒன்றோடொன்று கட்டி, தண்ணீர் மேலேயே கூட்டம் நடத்தினார்கள். 'காயல் சம்மேளனம்' என்று அதற்குப் பெயர்.

1854-ல் விடுதலையானவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். விடுதலையாகி 59 வருஷம் கழித்தும் நிற்பதற்குத் தரை இல்லை. பட்லர் அன்றைக்குச் சட்டத்தின் சந்தில் ஒரு வழி கண்ட மாதிரி, இவர்கள் ராஜாணையின் சந்தில் ஒரு வழி கண்டார்கள். வித்தியாசம், இங்கே கோட்டைக்குள் தளபதி யாரும் இல்லை. கண்டுபிடித்ததும் அவர்கள்தான், படகு ஓட்டியதும் அவர்கள்தான்.

பண்டிட் கருப்பன் 1925-ல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். வள்ளோனும் பிறகு அங்கே போனார். காயலில் இருக்கும் முளவுகாடு தீவில், அந்தக் கூட்டத்துக்கு முந்தின வருஷம், 1912-ல், ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்த பெண் தாட்சாயணி வேலாயுதன். இந்திய அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான். தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவையும், ஆள் கடத்தலையும் கட்டாய வேலையையும் தடுக்கும் 23-ஆவது பிரிவையும் எழுதிய சபை அது. அதற்குப் பிறகும் 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது. ஆனால் 1812 விளம்பரத்தில் 'தவிர' என்று ஒதுக்கி வைத்த சாதிகளில் ஒன்றிலிருந்து வந்த ஒருவர், இந்த முறை எழுதுகிறவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

போர் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆறு லட்சம் பிணங்களுக்குப் பிறகும் இங்கே இன்னும் நூறு வருஷம் பஸ்ஸில் தனி இருக்கை இருந்தது. அமைதியாக வந்த சட்டம் வீண் என்றும் சொல்லவில்லை. கோர்ட் கண்ணை மூடிக்கொண்டதே ஒரு ஆளைத் துரத்திப் பிடிப்பதைக் கடினமாக்கியது. நான் சொல்வது இவ்வளவுதான்: சட்டத்தில் 'தவிர' என்று எழுதுகிறவர்கள் மேலே இருப்பவர்கள். அதை அடிக்கிறவர்கள் எப்போதும் அந்தத் தவிரவுக்குள் இருந்தவர்கள்தான். படகில் கோட்டைக்குப் போன மூன்று பேர் ஆகட்டும், படகைக் கட்டிக் கூட்டம் போட்டவர்கள் ஆகட்டும்.

கொச்சிக்குப் போகிறவர்கள் வெலிங்டன் தீவிலிருந்து மட்டாஞ்சேரிக்கோ ஃபோர்ட் கொச்சிக்கோ ஒரு தடவை அரசுப் படகில் போங்கள். சில ரூபாய்தான் டிக்கெட். எல்லோரும் சீன வலையையும் கப்பலையும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். கூடவே அந்தக் காயலையும் ஒரு நிமிஷம் பாருங்கள். 1913-ல் சில நூறு மனிதர் கூடிப் பேச இந்த ஊரில் ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பலுக்காகவும் சரக்குக்காகவும் அதே காயலில் மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கிவிட்டார்கள்.